கயிறு அவிழ்ந்த கைகளுக்கு ஒரு கூட்டம் வேண்டும்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் குடியாத்தம், காட்பாடி பக்கத்து அரசுப் பள்ளிகளில் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். நம் மூன்று மாவட்டங்களும் 2019 வரை ஒன்றாக இருந்தன. அதற்கும் முன்னால், 1989 வரை, திருவண்ணாமலையும் சேர்ந்த வட ஆற்காடாக இருந்தன. கோப்பில் பிரிந்துவிட்டாலும் பேச்சிலும் பழக்கத்திலும் கொள்வினை கொடுப்பினையிலும் நாம் இன்னும் பிரியவில்லை. அதனால் மூவருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன்.

ஆட்சியருக்கோ அமைச்சருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அப்படியானால் அந்தக் குழு யார்? ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் விடிந்தும் விடியாமலும் ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற அம்மாக்கள். குடியாத்தத்தில் கைலித் தறியில் உட்காருகிறவர்கள். முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறவர்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் எப்படி இருக்கிறான், தெருவில் எப்படி இருக்கிறான் என்று இரண்டையும் பார்க்கிறவர்கள் நீங்கள்தான். ஆசிரியர்கள் நாலு மணிக்கு மேல் பார்ப்பதில்லை. நான் பேச வந்த விஷயம், பிள்ளைகள் கையில் கட்டுகிற சாதிக் கயிறும் அதை அவிழ்த்த பிறகு அவர்கள் சேர வேண்டிய கூட்டமும், பள்ளிக்கும் தெருவுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. மாணவர்கள் சாதியைக் காட்டுகிற வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்பது அதில் உள்ள பல பரிந்துரைகளில் ஒன்று. அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், உதவித்தொகை விவரங்களை வகுப்பில் எல்லார் முன்னாலும் பேசக் கூடாது, ஒரு பகுதியில் எந்தச் சாதி அதிகமோ அந்தச் சாதிக்காரரையே அங்கே தலைமையாசிரியராக நியமிக்கக் கூடாது என்றெல்லாம் இன்னும் எவ்வளவோ இருக்கின்றன. ஆனால் எங்கே போய்க் கேட்டாலும் கயிறு மட்டும்தான் பேச்சில் அடிபடுகிறது. கயிறு கண்ணுக்குத் தெரியும். அவிழ்க்கச் சொல்லலாம், வாங்கி மேசை அறையில் போட்டுப் பூட்டலாம், அவிழ்த்தாயிற்று என்று அறிக்கையும் அனுப்பலாம். மற்றதெல்லாம் பார்வைக்குத் தட்டுப்படாத வேலை.

"அதெல்லாம் தெற்கத்திச் சமாச்சாரம், நம்ம பக்கம் அப்படிக் கிடையாது" என்று சிலர் சொல்வீர்கள். நான் இதை ஏற்கவில்லை. 2019 ஆகஸ்டில், வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரத்தில், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒரு பட்டியல் சாதிக்காரரின் பிணத்தைக் கயிறு கட்டிக் கீழே இறக்கிய காட்சியை நாடே பார்த்தது. சுடுகாட்டுக்குப் போக நிலத்து வழியே விடவில்லை. உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. அது நம் மண்ணில் நடந்தது. வழி விடாத நிலத்துக்குச் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளையும், பிணம் தூக்கியவர் வீட்டுப் பிள்ளையும் நாளைக்கு ஒரே வகுப்பறையில் ஒரே பெஞ்சில் உட்காரக்கூடும். அந்த இருவரும் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்பதை அவர்கள் கையில் இருக்கிற கயிறு முடிவு செய்வதில்லை. இரண்டு பக்கமும் அவர்களைச் சுற்றி நிற்கிற மனிதர்கள் முடிவு செய்கிறார்கள்.

அடையாளத்தை மேலிருந்து உத்தரவு போட்டுக் கழற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நம் வேலூர்க் கோட்டையே சாட்சி. ஆண்டுதோறும் நான் நடத்திய பாடம் அது. 1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக் ஓர் உத்தரவு போட்டார். சிப்பாய்கள் காதில் கடுக்கன் போடக் கூடாது, நெற்றியில் குறி இடக் கூடாது, தாடியை எடுக்க வேண்டும், மீசையை ஒரே அளவில் கத்தரிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு அது வெறும் சீருடை. அணிய வேண்டியவர்களுக்கு அப்படி இல்லை. அதை அணிந்து ஊருக்குப் போனால் மாமன் மச்சான் வீட்டில் சேர்ப்பானா, தன் தெருவில் தன்னை யாராக நினைப்பார்கள் என்ற கேள்வி அதில் இருந்தது. 1806 மே மாதம் மறுத்தவர்களில் ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கொடுத்து வேலையை விட்டே நீக்கினார்கள். ஜூலை 10 விடியற்காலையில் கோட்டையில் கலகம் வெடித்தது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கினார். சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். பிறகு கம்பெனி அந்த உத்தரவையே திரும்பப் பெற்றுக்கொண்டது. கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் பதவியிழந்து ஊர் திரும்பினார்கள்.

திப்புவின் பிள்ளைகள் அதே கோட்டையில் காவலில் இருந்தது உள்ளிட்ட வேறு காரணங்களும் உண்டு. அதை மறைத்துச் சொல்லக் கூடாது. ஆனாலும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒருவனுடைய நெற்றியில் கை வைத்தால் அவனுக்குப் பின்னால் நிற்கிற மொத்தக் கூட்டத்தின் மேலும் கை வைத்ததாகிறது. இது ஒன்று. அப்புறம், சாதியாலும் மதத்தாலும் பிரிந்து கிடந்தவர்கள் ஒரே அடியை எல்லாரும் வாங்கியபோது ஒரே அணியாக நின்றார்கள். நான்தான் இன்னார் என்று ஒருவன் நினைப்பது இவ்வளவு சீக்கிரம் இடம் மாறக்கூடியது. பாடம் நடத்தும்போது பிள்ளைகள் கில்லஸ்பியின் குதிரையைத்தான் கேட்பார்கள். எனக்கு அந்த இரண்டாவது விஷயம்தான் பெரிதாகத் தெரிந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சாதிக் கயிற்றையும் அந்தச் சிப்பாய்களின் கடுக்கனையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. இவன் மேல், அவன் கீழ் என்று சொல்வதற்காகக் கட்டுகிற கயிறு பள்ளிக்குள் இருக்கக் கூடாது. நீதிபதி சந்துரு சொன்னது சரி. ஆனால் கயிற்றை அவிழ்த்த கையோடு அந்தப் பையனுக்குச் சேர வேறு ஒரு கூட்டத்தை நாம் காட்டவில்லை என்றால் அவன் பழைய கூட்டத்துக்கே இன்னும் இறுக்கமாகப் போவான். கயிறு போய் பனியன் நிறம் வரும், சைக்கிளில் ஸ்டிக்கர் வரும், செல்போனில் ஸ்டேட்டஸ் வரும். பதிமூன்று பதினான்கு வயதில் எந்தப் பிள்ளைக்கும் தனியாக நிற்கத் தைரியம் வராது. வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை.

எந்தக் கூட்டம் என்பது பிள்ளைகளுக்கு எவ்வளவு சின்ன விஷயத்தில் ஒட்டிக்கொள்கிறது என்பதைச் சொல்ல ஒருவரை அறிமுகப்படுத்த வேண்டும். ஹென்றி தாஜ்ஃபெல் என்று ஓர் உளவியலாளர். போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். போலந்து யூதர் என்று தெரிந்தால் உயிர் போயிருக்கும். பிரெஞ்சுக்காரராகவே காட்டிக்கொண்டு பிழைத்தார். போர் முடிந்து திரும்பினால் நெருங்கிய சொந்தத்தில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதற்காகவே மனிதனை மனிதன் எப்படி இப்படிச் செய்ய முடிகிறது என்ற கேள்வியோடுதான் அவர் பிற்பாடு இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிப் பையன்கள் 64 பேரை வைத்துச் சோதனை செய்தார். 14, 15 வயதுப் பையன்கள். திரையில் புள்ளிகளைக் காட்டி எத்தனை என்று கேட்டார்கள். நீ கூடுதலாகச் சொல்கிற கட்சி, நீ குறைவாகச் சொல்கிற கட்சி என்று பிரித்துவிட்டதாகச் சொன்னார்கள். அதுகூட உண்மையில் சும்மா பிரித்ததுதான். பிறகு மற்றவர்களுக்குக் காசு பங்கிட்டுக் கொடுக்கச் சொன்னபோது, முகம் தெரியாத தன் கட்சிக்காரனுக்கே பையன்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள். அடுத்து நடந்த சோதனையில், தன் கட்சிக்கு மொத்தத்தில் கொஞ்சம் நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை, எதிர்க் கட்சியை விட ஒரு படி மேலே இருந்தால் போதும் என்கிற மாதிரியும் கொடுத்தார்கள். 1970இல் இந்த முடிவுகள் வெளிவந்தன.

புள்ளியை எண்ணியதற்கே இப்படி என்றால், தலைமுறை தலைமுறையாகச் சோறு, தண்ணீர், கோயில், சுடுகாடு எல்லாவற்றிலும் கோடு போட்டுக் காட்டிய பிள்ளைகளின் நிலை என்ன?

இன்னொரு ஆய்வு நம் நாட்டிலேயே நடந்தது. அதைப் படித்த பிறகு வகுப்பறையில் நான் பேசுகிற விதமே மாறியது. உத்தரப் பிரதேசத்துக் கிராமப்புறத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், ஆறாம் ஏழாம் வகுப்புப் பையன்களிடம் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். ஆதிக்க சாதியில் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதியில் 321 பேர். தீர்த்த ஒவ்வொரு புதிருக்கும் காசு. சாதியைப் பற்றி யாரும் வாய் திறக்காதபோது இரண்டு தரப்பும் ஒரே அளவில் தீர்த்தார்கள். பிறகு வேறு சில அறைகளில், புதிர் தொடங்கும் முன் ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் உரக்கப் படித்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். யாரையும் திட்டவில்லை, தள்ளி உட்கார வைக்கவில்லை. ஒடுக்கப்பட்ட பையன்கள் தீர்த்த புதிர்கள் சரசரவென்று குறைந்துவிட்டன.

அந்தப் பையன்களின் மூளை மாறவில்லை. யார் முன்னால் யாராக உட்கார்ந்திருக்கிறோம் என்பது மட்டும் மாறியது. அதனால் வகுப்பாசிரியர்களிடம் கேட்கிறேன்: "ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று இனிமேல் சொல்லாதீர்கள். தேர்வுக்கு முந்தின வாரம் அதைச் சொன்னால் என்ன நடக்கிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். சாதிச் சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. இடஒதுக்கீட்டால் படித்து மேலே வந்த எத்தனையோ பிள்ளைகளை என் கண்ணால் பார்த்தவள் நான். அந்தத் தாளுக்காக தாலுகா ஆபீஸில் கால் கடுக்க நின்ற பெற்றோரையும் தெரியும். அந்தத் தாள் பீரோவில் இருக்கட்டும். பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டு வாங்குங்கள். கரும்பலகைப் பக்கம் அது வர வேண்டாம்.

கூட்டம் மனிதனை எப்படி வளைக்கிறது என்பதற்கு ஆய்வுகளைத் தேடிப் போக வேண்டிய அவசியமும் நமக்கு இல்லை. கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஓர் ஆள் ராணுவத்தில் இருக்கிறார் என்று பேர். அங்கே பிறக்கிற பையன் விடியற்காலை எழுந்து ஓடுகிறான். வேறு ஊரில் பிறந்திருந்தால் அதே கால்கள் ஓடியிருக்குமா? வாணியம்பாடியில் வீட்டில் உருது, கடையில் தமிழ் என்று பேசுகிற பெண் பிள்ளை, ஆந்திர எல்லை ஓரத்தில் தெலுங்கும் சேர்த்து மூன்று மொழியில் சண்டை போடுகிற பையன், இவர்களெல்லாம் மொழிக்கு ஒரு முகத்தோடு திரிகிறார்கள். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கிற மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறீர்களா? மலையில் மரம் ஏறி, ஆடு ஓட்டி, வாய் ஓயாமல் பேசுகிற குழந்தை கீழே வகுப்பறையில் வந்ததும் ஊமையாகிவிடும். "மந்தமான பிள்ளை" என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறோம். குழந்தை மந்தம் இல்லை. அங்கே அதற்குக் கூட்டம் இருக்கிறது, இங்கே இல்லை.

கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பாரதக் கூத்து நடந்தால் திரௌபதி வேஷம் கட்டுகிறவர் பகலில் யார் நிலத்திலோ கூலிக்குப் போகிறவராகக்கூட இருப்பார். படுகளத்தன்று அவர் வந்து நின்று துரியோதனன் மண்ணுருவத்தின் முன்னால் கூந்தல் முடிக்கும்போது பெரிய மனிதர்களெல்லாம் கைகூப்பி நிற்கிறார்கள், காலில் விழுகிறார்கள். மயானக் கொள்ளைக்குப் பாலாற்றங்கரையில் காளி வேஷம் போட்டு வருகிற இளைஞனைப் பாருங்கள். நேற்று நீங்கள் பார்த்த பையன் அவன் இல்லை. ஊர் ஒரு மனிதனை என்னவாகப் பார்க்கிறதோ, அவன் அந்த நேரத்துக்கு அதுவாகவே ஆகிறான். நம் பண்பாட்டுக்கு இது புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய செய்தி இல்லை. ஒரு ராத்திரிக்கு இதைச் செய்யத் தெரிந்த ஊருக்கு, ஒரு பள்ளி ஆண்டு முழுக்கச் செய்ய முடியாதா?

இங்கேதான் "ஊர் வழக்கம்" என்ற பேச்சு வரும். வழக்கத்தை மாற்றினால் சாமி குத்தம், பெரியவர்கள் சும்மா விடமாட்டார்கள் என்பார்கள். அவர்களுக்கு எங்கள் குடியாத்தத்துக் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைத்தான் காட்டுவேன். வைகாசி முதல் நாள், தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு புறப்படும். கவுண்டன்ய ஆற்றங்கரை வழியெல்லாம் தலைகளாகத்தான் தெரியும். கோபாலபுரத்துக் கோயிலில் அந்தச் சிரசை உடலில் பொருத்துவார்கள். யாருடைய உடல்? கதை உங்களுக்குத் தெரியும். தகப்பன் பேச்சைக் கேட்டுப் பரசுராமர் தாய் ரேணுகாவின் தலையை வெட்டினார். அவளுக்கு அடைக்கலம் கொடுத்த தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணின் தலையையும் வெட்டினார். பிறகு உயிர் கொடுக்கிற வரம் வாங்கி வந்து பொருத்தும்போது தலை மாறிப்போனது. ரேணுகாவின் தலை, அந்தப் பெண்ணின் உடல். லட்சக்கணக்கில் நாம் கும்பிடுவது அந்தச் சேர்ந்த உருவத்தைத்தான். அடைக்கலம் கொடுத்தவளின் உடலைத் தாங்கி நிற்கிற அம்மனைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, "அந்தத் தெருப் பிள்ளையோடு சேராதே" என்று சொல்ல நமக்கு எப்படி வாய் வருகிறது என்பது எனக்கு விளங்கவே இல்லை. கலந்து உட்கார்வது வெளியூர்க்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

வழக்கம் மாறாது என்பதும் பொய். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடரின் கதை நம் பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1890 வாக்கில், திண்டிவனத்தில், ஒரே ராத்திரியில் மூன்று கணவர்கள் வந்து பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைப் பார்க்க வரும்படி இளம் பெண்ணான அவரைக் கூப்பிட்டார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் இன்னொரு இந்து. என் அப்பா டாக்டர், அவர் வருவார் என்றார் ஐடா. ஆண் பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். மூன்று கணவர்களும் கொடியவர்கள் என்று நான் நினைக்கவில்லை; இல்லாவிட்டால் ராத்திரியில் உதவி தேடி வந்திருக்க மாட்டார்கள். தங்கள் கூட்டம் என்ன சொல்லும் என்பதற்குக் கட்டுப்பட்டார்கள். இன்று நம் பெண்கள் எந்த மருத்துவமனைக்கும் போய் யாரிடம் வேண்டுமானாலும் பிரசவம் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த வழக்கம் எங்கே போனது?

சாதியையே விட்டுவிட்டவர்களும் நம் மண்ணில் இருக்கிறார்கள். சாதி, மதம் அற்றவர் என்ற சான்றிதழை நாட்டிலேயே முதலில் வாங்கியவர் என்று அறியப்படுகிறவர் திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா. பல ஆண்டுகள் அலைந்து 2019 பிப்ரவரியில் வாங்கினார். அவர் பெற்றோர் பள்ளியில் சேர்க்கும்போதே சாதி, மதக் கட்டங்களை வெறுமையாக விட்டவர்கள். எல்லாரும் அப்படிச் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒடுக்கப்பட்ட குடும்பங்களிடம் அதைக் கேட்பது அநியாயமும்கூட. ஒரு பிள்ளை வேறு மாதிரி வளர முடியும் என்பதற்கு அவர் சாட்சி. அப்படி வளர, வீட்டில் அவருக்கு ஒரு கூட்டம் இருந்தது என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

இனி நான் கேட்பது.

பள்ளிகளில் 2024 நவம்பர் முதல் "மகிழ் முற்றம்" என்ற மாணவர் குழுத் திட்டம் இருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள். பல இடங்களில் அது சுவரில் ஒரு பலகையாக நின்றுவிட்டது என்று கேள்விப்படுகிறேன். அதை உயிரோடு நடத்துங்கள். தாஜ்ஃபெல் சோதனையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: புள்ளியை வைத்தே பிள்ளைகளுக்கு ஒரு கூட்டம் உண்டாக்க முடியும் என்றால், முல்லைக் குழு என்ற பெயரை வைத்தும் உண்டாக்க முடியும். ஒரே நிபந்தனை, அது தெருப்படி பிரிந்துவிடக் கூடாது. எல்லார் கண் முன்னாலும் குலுக்கிப் பிரியுங்கள். பெற்றோர் யாராவது வந்து "எங்க பையனை அந்தக் குழுவுக்கு மாத்துங்க" என்று கேட்டால், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் என்ற முறையில் நீங்கள் முடியாது என்று சொல்ல வேண்டும். தலைமையாசிரியர் தனியாகச் சொன்னால் அவருக்கு மாற்றல் வந்துவிடும். குழுவாகச் சொன்னால் வராது.

குழு பிரித்ததோடு விடாமல் அவர்களைச் சேர்ந்து ஆட வையுங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மேட் லோ என்ற ஆய்வாளர் உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் 1,261 இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் மூலம் இதைப் பரிசோதித்தார். சில அணிகளில் ஒரே சாதிக்காரர்கள், சில அணிகளில் பல சாதிக்காரர்கள். எல்லாம் குலுக்கலில் பிரித்தது. ஒரே அணியில் கலந்து ஆடியவர்களிடம் சாதி தாண்டிய நட்பு கூடியது, தன் சாதிக்காரனுக்கே விட்டுக்கொடுக்கிற பழக்கம் குறைந்தது. எதிரெதிர் அணியில் ஆடிப் பழகியவர்களிடம் அப்படி நடக்கவில்லை. சாதி தாண்டிப் பழகுவது பொதுவாகக் குறையவே செய்தது. ஆக, சேர்ந்து ஆடினால் ஒட்டும், எதிர்த்து ஆடினால் விலகும்.

நம் பக்கத்து டோர்னமெண்டுகளை நினைத்துப் பாருங்கள். பொங்கலுக்கு மாடு விடும் விழா முடிந்த கையோடு கிரிக்கெட், கபடி தொடங்கும். தெருவுக்கு ஓர் அணி. அணிக்கு ஒரு நிறம், ஃப்ளெக்ஸ் பேனரில் ஒரு தலைவர் படம். விளையாட்டு ஒற்றுமையை வளர்க்கும் என்று மேடையில் பேசுகிறோம். தெருவைத் தெருவோடு மோத விட்டால் அது வளர்ப்பது வேறு. பந்து லைனில் விழுந்ததா வெளியே விழுந்ததா என்று தொடங்குகிற தகராறு எங்கே போய் முடிகிறது என்று காவல் நிலையத்தில் போய் நின்ற அம்மாக்களுக்குத் தெரியும்.

ஷூ கம்பெனிக்குப் போகிற அம்மாக்களுக்கு நான் சொல்வது சட்டென்று பிடிபடும் என்று நம்புகிறேன். லைனில் உட்கார்ந்தால் மேல்பாகம் தைப்பவள் எந்த ஊர், லைனிங் ஒட்டுகிறவள் எந்தத் தெரு என்று பார்த்தால் அன்றைய டார்கெட் முடியாது. அங்கே ஒருத்திக்கு ஒருத்தி வேண்டும். டிபன் பாக்ஸ் திறக்கிற நேரத்தில் பழைய கோடு திரும்ப வந்துவிடுகிறது என்று சில பெண்கள் என்னிடம் சொன்னதும் உண்டு. வேலை சேர்த்தது, சோறு பிரித்தது. பள்ளியிலும் இதே இடத்தில்தான் கவனம் வேண்டும்.

மதியச் சாப்பாட்டு வரிசையைப் போய்ப் பாருங்கள். வகுப்பில் கலந்து உட்காருகிற பிள்ளைகள் தட்டைத் தூக்கியதும் எப்படிப் பிரிகிறார்கள் என்று தெரியும். ஏன் கண்ணு அங்கே போய் உட்காரவில்லை என்று ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டேன். "எங்க செட்டுல யாரும் போமாட்டாங்க டீச்சர், நான் மட்டும் போனா சிரிப்பாங்க" என்றாள். வெறுப்பு என்று அதில் எதுவும் இல்லை. தனியாகிவிடுவோமோ என்ற பயம்தான். சாலமன் ஆஷ் என்ற அமெரிக்க அறிஞர் 1950களில் காட்டியதும் இதைத்தான். கண்ணுக்கு நேராக ஒரு கோடு நீளமாகத் தெரிந்தாலும், கூட இருக்கிற அத்தனை பேரும் வேறு கோட்டைச் சொன்னால், நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது தலையாட்டிவிடுகிறார்கள். ஆனால் ஒரே ஒருவர் சரியாகச் சொல்லித் துணைக்கு நின்றாலும் அந்தத் தலையாட்டல் மளமளவென்று குறைந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு துணை. குழுக் குழுவாக உட்கார்ந்து சாப்பிடட்டும், முல்லைப் பிள்ளைகள் ஒரு வரிசை, பாலைப் பிள்ளைகள் ஒரு வரிசை. வாரத்தில் ஒருநாள் நீங்களும் ஆசிரியர்களும் அந்த வரிசையில் உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். பெரியவர்கள் சாப்பிடுகிற இடத்தில் பிள்ளைகள் சிரிக்க மாட்டார்கள்.

பெற்றோராகவும் ஒன்று கேட்கிறேன். புது நண்பன் வீட்டுக்கு வந்தால் "நீ எந்தத் தெருப்பா?" என்று கேட்கிறோமே, அதை நிறுத்துங்கள். எதற்காகக் கேட்கிறோம் என்று பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்பிலேயே தெரிந்துவிடுகிறது. என்ன படிக்கிறாய், சாப்பிட்டாயா என்று கேட்டுத் தண்ணீர் கொடுங்கள்.

தலைமையாசிரியர்களே, இதற்குத் தனியாக நிதி வேண்டாம், புதிய அரசாணையும் வேண்டாம். மாதக் கூட்டத்தின் தீர்மான நோட்டில் இரண்டு வரி போதும்: விளையாட்டு அணிகளும் மகிழ் முற்றம் குழுக்களும் குலுக்கல் முறையில் மட்டுமே அமையும், உணவு வரிசை குழுப்படி இருக்கும். அதில் எல்லா உறுப்பினர்களும் கையெழுத்துப் போடட்டும். ஊராட்சித் தலைவரிடமும் டோர்னமெண்ட் நடத்துகிற தம்பிகளிடமும் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள். அவர்களில் பாதிப் பேர் உங்கள் பழைய மாணவர்கள்தான், பேசினால் கேட்பார்கள். பெயர் கொடுத்த எல்லாருடைய சீட்டையும் ஒரே குடத்தில் போட்டு அணி பிரித்தால் பரிசுப் பணத்தில் ஒரு பங்கைத் தருவதாக ஊரில் யாராவது முன்வந்தால் இன்னும் நல்லது. குடியாத்தம் வட்டத்தில் அப்படி நடத்த முன்வருகிற முதல் ஊருக்கு என் ஓய்வூதியத்திலிருந்து அந்தப் பங்கை நான் தருகிறேன். டிசம்பர்க் கூட்டத்தில் தீர்மானம் போட்டால் பொங்கலுக்குள் சீட்டு எழுதி முடித்துவிடலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியை,
குடியாத்தம் வட்டம்